கருத்துரிமையை வரைவது எப்படி?

1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பேசினார். அவற்றில் முதலாவது பேச்சுரிமை. அந்த நான்கையும் படமாக்க முனைந்த பத்திரிகை ஓவியர் நார்மன் ராக்வெல் முதலில் திணறினார். கண்ணுக்குத் தெரியாத ஓர் உரிமைக்கு எப்படி உருவம் கொடுப்பது? அவர் குடியிருந்த வெர்மான்ட் மாநிலச் சிற்றூரின் கூட்டம் ஒன்று கடைசியில் வழிகாட்டியது. ஊரே ஏற்றுக்கொண்ட திட்டத்தை அங்கே ஒருவர் தனியாளாக எழுந்து எதிர்த்தார். அவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. ஆனால் யாரும் தடுக்கவுமில்லை.

ராக்வெல் அதையே வரைந்தார். 1943 பிப்ரவரி 20 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் அந்தப் படம் வந்தது. எழுந்து நிற்பவர் உழைப்பாளி. கழுத்தில் டை இல்லை. பழைய மேல்சட்டைப் பையில் மடித்துச் செருகிய கூட்ட அறிக்கை. சுற்றிலும் கோட்டும் டையும் அணிந்தவர்கள் தலையை உயர்த்தி அவரைப் பார்க்கிறார்கள். பேசுபவரைவிடக் கேட்பவர்களின் முகங்களில்தான் இந்தப் படத்தின் உயிர் இருக்கிறது. பேச்சுரிமைக்குக் கேட்கும் காதும் வேண்டும் என்பதை அந்த முகங்கள் சொல்லிவிடுகின்றன. அரசு நான்கு ஓவியங்களையும் சுவரொட்டிகளாக அச்சிட்டது. ஊர் ஊராகக் காட்சிக்கு வைத்துத் திரட்டிய போர்க் கடன் பத்திரத் தொகை 13 கோடி டாலரைத் தாண்டியது.

அதே படம் சொல்லாமல் விட்டதையும் பார்க்க வேண்டும். அதிலுள்ள முகங்கள் அனைத்தும் வெள்ளையருடையவை. அது வெளியாவதற்குச் சரியாக ஓராண்டும் ஒரு நாளும் முன்பு, 1942 பிப்ரவரி 19 அன்று, இதே ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஆணையால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். உரிமையைக் கொண்டாடும் ஓவியத்தை எந்த அரசும் மகிழ்ச்சியோடு அச்சிட்டுத் தரும். உரிமையைக் கையிலெடுத்துப் பயன்படுத்தும் ஓவியத்தை அப்படி அச்சிடுவதில்லை. கருத்துரிமையின் மதிப்பை இரண்டாவது வகைதான் உண்மையாகச் சொல்கிறது என்பது என் முடிவு. அந்த வகையின் வரலாறு பெரும்பாலும் நீதிமன்றங்களிலும் சிறைகளிலும் பதிவாகியிருக்கிறது.

முதல் வகையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒட்டுப்போட்ட உதடு, உடைந்த பேனா, கூண்டிலிருந்து பறக்கும் பறவை, ஒலிவாங்கியைச் சுற்றிய முள்கம்பி என்று அதற்கு ஒரு கையிருப்பு உண்டு. 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் ‘ஷார்லி எப்தோ’ இதழின் அலுவலகத்தில் புகுந்த கொலைகாரர்கள் 12 பேரைக் கொன்றபோது உலகம் முழுக்க ஓவியர்கள் பென்சில்களை வரைந்தார்கள். துப்பாக்கிக்கு எதிரே நிற்கும் பென்சில், உடைந்து இரண்டாக முளைக்கும் பென்சில். அந்தத் துயரம் உண்மையானது. ஆனால் யார் யாரை எதற்காகக் கேலி செய்தார்கள், கேலி எங்கே முடிந்து வன்மம் எங்கே தொடங்குகிறது என்ற கடினமான கேள்வி எதையும் பென்சில் தொடவில்லை.

சின்னங்கள் கூர்மை பெறுவது ஒரு குறிப்பிட்ட நாளோடும் இடத்தோடும் கட்டப்படும்போதுதான். போலந்தில் 1989 ஜூன் 4 தேர்தலுக்கு டோமாஷ் சார்னெட்ஸ்கி உருவாக்கிய சுவரொட்டியில், ‘ஹை நூன்’ படத்தின் கேரி கூப்பர் தனியாக நடந்து வருகிறார். கையில் துப்பாக்கிக்குப் பதில் வாக்குச்சீட்டு, மார்பில் சாலிடாரிட்டி தொழிற்சங்கத்தின் சின்னம். 1968 மே மாதம் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியை எடுத்துக்கொண்ட மாணவர்கள் இரவோடு இரவாகத் திரை அச்சில் அடித்த சுவரொட்டிகளில் ஒன்று, தலைக்கவசம் அணிந்த கலவரத் தடுப்புக் காவலரை ஒலிவாங்கியின் முன் நிறுத்தியது. இரவு எட்டு மணிச் செய்தியில் உங்களிடம் பேசுவது காவல்துறைதான் என்று அது சொன்னது. வானொலியும் தொலைக்காட்சியும் அரசின் கைக்குள் இருந்த நாட்டில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்தச் சுவரொட்டிகளில் ஓவியர் பெயர் இல்லை. திட்டமிட்டே போடாமல் விட்டார்கள்.

இரண்டாவது வகைக்குப் பாரிஸிலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போக வேண்டும். 1830 புரட்சி லூயி பிலிப்பை அரியணையில் ஏற்றியது. புதிய சாசனம் தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்று உறுதியளித்தது. அதை நம்பி ஷார்ல் பிலிப்போன் ‘லா காரிக்கத்யூர்’ இதழைத் தொடங்கினார். மன்னரை அவமதித்ததாக 1831 நவம்பரில் வழக்கு வந்தது. விசாரணையின் போதே பிலிப்போன் தாளை எடுத்து நான்கு படங்கள் வரைந்தார். முதல் படம் மன்னரின் முகம். அடுத்தடுத்த படங்களில் கன்னம் உப்பி, நெற்றி ஒடுங்கி, நான்காவது வெறும் பேரிக்காய். எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது, சாயல் இருப்பதே குற்றம் என்றால் பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்று கேட்டார். நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 2,000 பிராங்க் அபராதமும் விதித்தது. ஆனால் பேரிக்காய் தப்பித்துவிட்டது. அன்றிலிருந்து பாரிஸ் சுவர்களில் சிறுவர்கள்கூடக் கரித்துண்டால் அதை வரைந்தார்கள்.

அவருடைய இதழ்களில் வரைந்த ஒனோரே தோமியே, மக்களின் வரிப்பணத்தை விழுங்கும் பூதமாக மன்னரை வரைந்ததற்காக 1832-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 1834 ஏப்ரலில் டிரான்ஸ்னோனென் தெருவின் வீடொன்றில் படையினர் புகுந்து, உறக்கத்திலிருந்து எழுந்த குடும்பங்களைச் சுட்டார்கள். தோமியேவின் கல்லச்சுப் படத்தில் கேலி துளியும் இல்லை. இரவு உடையில் கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கும் ஒரு மனிதர். அவர் உடலுக்கடியில் ஒரு குழந்தை. தெருவின் பெயரும் நாளும் மட்டுமே தலைப்பு. அரசு அந்தப் படத்தின் அச்சுக்கல்லையும் பிரதிகளையும் தேடிக் கைப்பற்றியது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வந்த சட்டம்தான் இந்த வரலாற்றின் மையம் என்று நினைக்கிறேன். எழுத்துக்கு முன்தணிக்கை கூடாது என்ற சாசனத்தை மீற முடியாது. ஆகவே அரசு ஒரு வேறுபாட்டை உண்டாக்கியது: எழுத்து அறிவோடு பேசுகிறது, அது கருத்து, படம் கண்ணோடு பேசுகிறது, அது செயலுக்குத் தூண்டுதல். கருத்துக்கு உள்ள பாதுகாப்பு செயலுக்குக் கிடையாது என்ற வாதத்தோடு படங்களுக்கு மட்டும் முன்தணிக்கை திரும்பியது. ‘லா காரிக்கத்யூர்’ மூடப்பட்டது. 1881 ஜூலை பத்திரிகைச் சட்டம் வரும்வரை பிரான்ஸ் அந்தத் தளையிலிருந்து முழுதாக விடுபடவில்லை.

எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலம் அது. படத்துக்கு அந்தத் தடை இல்லை. கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று கூலித் தொழிலாளியும் அதைப் புரிந்துகொள்வார். நியூயார்க் நகராட்சியைச் சூறையாடிய பாஸ் ட்வீட் 1870-களில் தாமஸ் நாஸ்ட்டின் படங்களுக்கு அஞ்சியதும் இதனால்தான். ஸ்பெயினுக்குத் தப்பியோடிய அவரை அங்கே அடையாளம் காட்டியதும் நாஸ்ட் வரைந்த ஒரு படம்தான்.

அந்தப் பழைய வேறுபாடு இந்தியாவிலும் ஒலித்தது. கே.ஏ. அப்பாஸின் ஆவணப்பட வழக்கில் 1970-இல் நம் உச்ச நீதிமன்றம் திரைப்படத்துக்கு முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அசையும் படம் உணர்ச்சியைப் பிற கலைகளைவிட ஆழமாகக் கிளறும் என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1988-இல், ஒரு மதபோதகரைக் கொச்சையாகக் கேலி செய்த ‘ஹஸ்லர்’ இதழ் விளம்பரம் பற்றிய வழக்கில், எதிர்த்திசையில் நடந்தது. நாஸ்ட்டின் மரபை நினைவுகூர்ந்த அந்தத் தீர்ப்பு, புண்படுத்துவதே பல நேரம் கருத்துப்படத்தின் இயல்பு, அதைக் கழித்துவிட்டால் அரசியல் விவாதம் வறுமைப்படும் என்றது. வழக்கில் பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் கட்சி வேறுபாடின்றி இதில் ஒன்றுபட்டார்கள் என்றால், அவர்கள் அந்த விளம்பரத்தை ரசித்தார்கள் என்று பொருளல்ல. படத்தின் வலிமையையே குற்றச்சாட்டாக மாற்ற அவர்கள் மறுத்தார்கள்.

தமிழில் இந்த மரபை ஊன்றியவர் பாரதி. 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் அவர் கருத்துப்படங்களை வாரந்தோறும், அதுவும் முகப்பிலேயே, வெளியிட்டார். யோசனை பெரும்பாலும் அவருடையது. கோடு போட்டவர்களின் பெயர் இதழில் இல்லை. வைஸ்ராயும் மிதவாதிகளும் சுதேசிக் கப்பலும் பஞ்சமும் படங்களாயின. ஒவ்வொரு படத்தின் கீழும் விளக்கம் இருக்கும். கருத்துப்படம் பார்த்துப் பழகாத வாசகருக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் போல அது அமைந்திருக்கும். 1908-இல் இதழின் சட்டப்படியான ஆசிரியர் சீனிவாசன் கைதாகி ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். பாரதி புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்துகொண்டிருந்த ‘இந்தியா’ 1910-இல் நின்றுபோனது. அந்தப் படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து நூலாக்கியிருக்காவிட்டால், பாரதியின் இந்த முகம் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

விடுதலைக்குப் பின் நடந்த தமிழ்நாட்டு நிகழ்ச்சிகளில் எதை மறந்தாலும் 1987-ஐ மறக்கலாகாது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. மேடையில் இருவர். யார் சட்டமன்ற உறுப்பினர், யார் அமைச்சர் என்று கேட்பவருக்கு, ஜேப்படிக்காரர் போல இருப்பவர் உறுப்பினர், முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் அமைச்சர் என்று பதில். பெயர் இல்லை, கட்சி இல்லை, எந்த முகத்தின் சாயலும் இல்லை. ஏப்ரல் 4 அன்று, பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன் தலைமையில் சட்டமன்றம் அவை உரிமை மீறல் என்று முடிவு செய்து, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது.

இதில் வழக்கு இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. புண்பட்டவர்களே நீதிபதிகள். அரசமைப்பின் 194-ஆம் பிரிவு சட்டமன்றத்துக்குத் தந்த சிறப்புரிமை இன்னும் வரையறுக்கப்படாமலே கிடக்கிறது. அந்த இருட்டுக்குள்ளிருந்துதான் தண்டனை வந்தது. பத்திரிகையாளர்களும் பொதுமக்களும் கொதித்தெழ, இரண்டே நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். பாலசுப்ரமணியன் அதோடு விட்டுவிடவில்லை. உயர் நீதிமன்றம் போனார். 1994-இல் அந்தக் கைது செல்லாது என்று தீர்ப்புப் பெற்றார். இழப்பீடாக வந்தது 1,000 ரூபாய். அதைச் செலவழிக்காமல் சட்டமிட்டு மாட்டிவைத்தார். கருத்துரிமையின் மதிப்பைக் காட்டும் காட்சிப்பொருள் ஒன்றைத் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அந்தச் சட்டகத்தைத்தான் சொல்வேன்.

நெருக்கடிநிலைக் காலம் படம் இல்லாமலே படம் வரையக் கற்றுக்கொடுத்தது. 1975 ஜூன் 28 அன்று ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டது. சோவின் ‘துக்ளக்’ முழுக் கறுப்பு அட்டையோடு வந்தது. தன்னை விட்டுவிட வேண்டாம் என்று நேருவே கேட்டுக்கொண்ட சங்கரின் ‘சங்கர்ஸ் வீக்லி’ ஆகஸ்ட் இறுதியில் நின்றது. சர்வாதிகாரத்தால் சிரிப்பைத் தாங்க முடியாது என்ற பொருளில் அதன் விடைபெறும் தலையங்கம் பேசியது. டிசம்பரில் அபு ஆபிரகாம் வரைந்த படம் தணிக்கையாளரின் கண்ணில் எப்படித் தப்பியதோ: குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் அமர்ந்தபடி அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டு நீட்டுகிறார், இன்னும் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள் என்கிறார். அரசமைப்புச் சட்ட நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒரு வீழ்ச்சியை ஒரு தொட்டியும் ஒரு பேனாவும் சொல்லிவிட்டன.

அதன் பிறகு தடுக்கும் கருவிகள் பெருகின. 2012 ஏப்ரலில் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, முதல்வர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்த படத்தை மின்னஞ்சலில் பகிர்ந்ததற்காகக் கைதானார். அவர் அதை வரையக்கூட இல்லை. அவர் மீது பாய்ந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முற்றாக நீக்கிய பிறகும் வழக்கு நீடித்தது. 2023 ஜனவரியில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். 2012 செப்டம்பரில் அசீம் திரிவேதி மீது தேசத் துரோக வழக்கே பாய்ந்தது. தேசியச் சின்னத்தின் சிங்கங்களுக்குப் பதிலாக ஓநாய்களை வரைந்திருந்தார். வன்முறைக்குத் தூண்டாத விமர்சனம் தேசத் துரோகமாகாது என்று 2015-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பயனின்றி ஒரு குடும்பம் தீக்குளித்தது. இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். கார்ட்டூனிஸ்ட் பாலா வரைந்த படத்தில் ஒரு குழந்தை எரிந்துகொண்டிருக்கிறது. முதல்வர், ஆட்சியர், காவல் ஆணையர் மூவரும் ஆடையின்றி, பணக்கட்டால் தங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நவம்பர் 5 அன்று அவரைச் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. சுமத்தப்பட்ட பிரிவுகளில் ஒன்று, மின்வெளியில் ஆபாசம் பரப்பியதற்கானது. அந்தப் படத்தில் ஆபாசம் எது என்று நெருப்பைப் பார்த்த எவருக்கும் தெரியும். படம் நாகரிகமாக இல்லை என்று வருந்தியவர்களும் இருந்தார்கள். நாகரிகமாக எழுதிக் கொடுத்த மனுக்கள் என்ன ஆயின என்பதுதான் அந்தப் படத்தின் பொருளே.

2025 பிப்ரவரியில் வந்தது இன்னொரு படி. அமெரிக்கா இந்தியர்களைக் கை கால் விலங்கோடு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரத்தில், டிரம்ப்பின் அருகே விலங்கோடு பிரதமர் மோடி அமர்ந்திருப்பதாக ‘விகடன் ப்ளஸ்’ மின்னிதழ் வெளியிட்ட படத்தை ஒட்டி, விகடனின் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. நூற்றாண்டை நெருங்கும் ஒரு நிறுவனத்தின் அத்தனை பக்கங்களும் ஒரு படத்துக்காக மறைந்தன. முடக்கத்துக்கான முறையான ஆணை அதன் பிறகுதான் வந்தது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டது. தளம் திரும்பியது. படம்தான் விலையாகக் கொடுக்கப்பட்டது.

விலை உயிராகவும் இருந்திருக்கிறது. பாலஸ்தீன ஓவியர் நாஜி அல்-அலி, வெறுங்காலோடு, கைகளைப் பின்னால் கட்டி, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஹந்தலா என்ற பத்து வயதுச் சிறுவனைப் படைத்தார். இஸ்ரேலையும் அரபு ஆட்சியாளர்களையும் சொந்த இயக்கத் தலைவர்களையும் அவர் ஒருசேரக் கேள்வி கேட்டார். 1987 ஜூலையில் லண்டன் தெருவில் சுடப்பட்டு அடுத்த மாதம் இறந்தார். 2011 ஆகஸ்டில் டமாஸ்கஸில் முகமூடி அணிந்தவர்கள் அலி ஃபர்சாத்தின் கைவிரல்களை முறித்தார்கள். கட்டுப்போட்ட கைகளோடு மருத்துவமனையில் கிடக்கும் தன்னையே அவர் பிறகு வரைந்தார். மலேசியாவில் ஸூனார் மீது 2015-இல் ஒன்பது தேச நிந்தனைக் குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. ஆட்சி மாறிய பின் 2018-இல் அவை கைவிடப்பட்டன.

இலங்கையில் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு காணாமலாக்கப்பட்டார். சிங்களக் கேலிச்சித்திரக்காரர், தமிழர்களுக்கு எதிரான போரின் கொடுமைகளைப் பற்றி எழுதியும் வரைந்தும் வந்தவர். அவர் மனைவி சந்தியா இன்றுவரை நீதி கேட்டு நிற்கிறார். அந்த வரிசையில், பிள்ளைகளைத் தேடிச் சாலையோரப் பந்தல்களில் அமர்ந்திருக்கும் வடக்கு கிழக்குத் தமிழ்த் தாய்மார்களின் பக்கத்தில் இந்தச் சிங்களப் பெண்ணும் இருக்கிறார் என்பதைத் தமிழர்கள் இன்னும் பேச வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோடு எப்போதும் நல்ல பக்கமே நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. நாஜி ஜெர்மனியின் ‘டெர் ஸ்ட்யூர்மர்’ இதழ் யூதர்களைக் கொழுத்த அருவருப்பான உருவங்களாக ஆண்டுக்கணக்கில் வரைந்தது. அதன் வெளியீட்டாளர் யூலியஸ் ஸ்ட்ரைஷருக்கு 1946-இல் நியூரம்பர்க் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ருவாண்டாவில் ‘கங்குரா’ இதழும் இனப்படுகொலைக்குமுன் கேலிச்சித்திரங்களால் டுட்ஸி மக்களை இழிவுபடுத்தியது. அதிகாரத்தில் இருப்பவரின் முகத்தைக் கோணலாக்குவதும், அதிகாரமற்ற ஒரு மக்கள் கூட்டத்தை மிருகமாக்குவதும் ஒன்றல்ல. எனக்கு இதுதான் அளவுகோல். 2005-இல் டென்மார்க்கின் ‘யில்லாண்ட்ஸ்-போஸ்டன்’ வெளியிட்ட நபிகள் படங்களையும் இதை வைத்தே நான் பார்க்கிறேன். வெளியிட்டவர்களைச் சட்டம் தண்டிக்கக் கூடாது. கொலைமிரட்டல் எந்த வகையிலும் நியாயமாகாது. ஆனால் அந்த நாட்டின் சிறுபான்மைப் புலம்பெயர்ந்தோர் அதில் எதை உணர்ந்தார்கள் என்பதைக் கேட்காமல் அதைத் துணிச்சல் என்று மட்டும் கொண்டாட என்னால் முடியவில்லை.

நம்மிடையே இதைவிடச் சிக்கலான ஒன்று நடந்தது. சங்கர் 1949-இல் வரைந்த படத்தில் அரசமைப்புப் பணி ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர் சாட்டையோடு அமர்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சாட்டையோடு நிற்கிறார். தேசியப் பாடநூலில் அது இடம்பெற்றிருப்பதை 2012 மே மாதம் தொல். திருமாவளவன் உள்ளிட்டோர் எதிர்த்தார்கள். அரசு நூலைத் திரும்பப் பெற முடிவெடுத்தது. பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் விலகினார்கள். பல்ஷிகரின் புனே அலுவலகம் தாக்கப்பட்டது. அடுத்த மாதமே, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லட்சுமணின் படத்தை நீக்கக் கருணாநிதி குரல் கொடுத்தார். அம்பேத்கருக்குப் பின்னால் ஒரு பிராமணத் தலைவர் சாட்டை ஓங்கும் காட்சியைச் சேரியிலிருந்து வரும் பிள்ளை வகுப்பில் எப்படிப் பார்க்கும் என்ற கேள்வியை வெறும் சகிப்பின்மை என்று ஒதுக்கியவர்கள் தவறு செய்தார்கள். ஆனால் அந்தக் கேள்வியை அதே பக்கத்தில் அச்சிட்டு மாணவர்களிடம் கொடுத்திருக்கலாம். 1949-இல் ஒரு பெரிய ஓவியரின் கண்ணுக்குக்கூடச் சாதி தெரியாமல் போனது எப்படி என்பதைவிடச் சிறந்த அரசியல் பாடம் எது? படத்தை எடுத்ததால் அந்தப் பாடமும் போனது. உயிரோடிருக்கும் அதிகாரிகளும் அமைச்சர்களும் தங்களைப் பற்றிய படங்களுக்கு எதிராகப் பிறகு அதே புண்பட்ட மொழியைப் பயன்படுத்தவும் வசதியாயிற்று.

இப்போது தடை வரும் திசையும் மாறிவருகிறது. யூத வெறுப்பு நிறைந்த ஒரு படம் 2019-இல் தன் பன்னாட்டுப் பதிப்பில் வெளியானதால் எழுந்த கண்டனத்துக்குப் பின், ‘நியூயார்க் டைம்ஸ்’ அந்தப் பதிப்பில் அன்றாட அரசியல் கருத்துப்படங்களையே நிறுத்தியது. படத்தை வரைந்தவர் வேறொருவர்; அதைத் தேர்ந்தெடுத்தது நாளிதழின் மேசை. வேலையிழந்தவர்கள் அதில் தொடர்பில்லாத ஓவியர்கள். 2025 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’டின் ஆன் டெல்னேஸ், டிரம்ப்பின் சிலை முன் பணமூட்டைகளோடு மண்டியிடும் பெருஞ்செல்வர்களை வரைந்தார். அவர்களில் ஒருவர் அந்த நாளிதழின் உரிமையாளர் ஜெஃப் பெசோஸ். இதே பொருளில் கட்டுரை ஏற்கனவே வந்துவிட்டது என்று காரணம் சொல்லி ஆசிரியர் மறுத்தார். டெல்னேஸ் பணியை விட்டு விலகி, முடிக்காத அந்தக் கோட்டோவியத்தைத் தானே வெளியிட்டார். அந்த ஆண்டு மே மாதம் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. இந்தக் கதையில் காவலர் இல்லை, நீதிமன்றம் இல்லை, சட்டப்பிரிவும் இல்லை. பிலிப்போனுக்குக் கேள்வி கேட்க ஒரு நீதிபதி எதிரே இருந்தார். டெல்னேஸுக்குத் தன் ஆசிரியர் மேசையைத் தவிர வேறு முறையிடும் இடம் இல்லை. பத்திரிகைகள் பெருநிறுவனங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கும் நம் நாட்டில், இனி இந்த வகை மறுப்புகள்தான் அதிகம் நடக்கும்; அவற்றில் பெரும்பாலானவை எந்த வழக்கு எண்ணும் இல்லாமல் முடிந்துபோகும்.